மிஞ்சியதை மறுவேளைக்கு விருந்தாக்குவது: சேலத்துச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மறுநாள் காலைச் சமையல் முந்தைய நாள் இரவே தொடங்கிவிடுகிறது. சாப்பாடு முடிந்ததும் மிஞ்சியதை எத்தனை மணிக்கு, எந்தப் பாத்திரத்தில், எதனுடன் சேர்த்து எடுத்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது நாளைக்குப் பணியாரமாகும், அல்லது குப்பைக்குப் போகும். மிச்சச் சமையலைப் பற்றி எழுதுபவர்கள் நேராகத் தாளிப்புக்குப் போய்விடுகிறார்கள். இட்லி உப்புமா தாளிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இட்லி இரவு முழுவதும் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

சேலத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவே இருக்கும் ஊர் இது. சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். இரவு பத்து மணிக்கும் சமையலறைச் சுவர் சூடாக இருக்கும். ஆகவே, ஊருக்கெல்லாம் பொதுவான குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. எங்கள் ஊருக்குப் பொருந்துவதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரவு ஒன்பது மணி வேலை

சமைத்த உணவு வெளியில் இருக்கலாம் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் அளவு 2 மணி நேரம். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. சேலத்துக் கோடையில் இந்த 1 மணி நேரத்தைத்தான் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்த குழம்பு இரவெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கும்.

சோற்றில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. “நன்றாகச் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை சோற்றுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியது எளிது. மிஞ்சிய சோற்றைக் குண்டானிலேயே விட்டுவிடாமல் அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரத்தில் ஆறிவிடும். அதன்பிறகு மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். குழம்பாக இருந்தால் ஒரு பெரிய பாத்திரத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று சிறிய பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். பெரிய பாத்திரம் ஓரத்தில் குளிர்ந்தாலும் நடுவில் நெடுநேரம் சூடாகவே இருக்கும். சிறிய பாத்திரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளை வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கலாம். ஒரே குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆற வைப்பதுபோல் உணவைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை.

ஈரமானதையும் மொறுமொறுப்பானதையும் ஒன்றாக வைக்காதீர்கள். தேங்காய் சேர்த்ததையும் சேர்க்காததையும் பிரித்துவிடுங்கள். நாளைக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்தால் பொரியலில் தேங்காய் தூவுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். கை போட்டுப் பிசைந்ததும், எச்சில் கரண்டி பட்டதும் சேமிப்புக்கு உரியவை அல்ல.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் போன மின்சாரம் பிற்பகலில்தான் வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்பெட்டி சுமார் 4 மணி நேரம் தாங்கும். அதற்கு முந்தைய இரவு எதையும் மிச்சம் வைக்காமல் அளவாகச் சமைப்பதே நல்லது.

இரண்டாம் படி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

நூல் நூலாக இழுபடும் சோறு, மேலே நுரைத்த பருப்பு, கொழகொழத்த தேங்காய்ச் சட்னி, புளிப்பே இல்லாத பண்டத்தில் தோன்றிய புளிப்பு வாடை ஆகிய நான்கையும் கண்டால் யோசிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். ஓரத்தில் மட்டும் பூசணம் பிடித்த ரொட்டியின் மீதிப் பகுதியும் உண்ணத் தகாதது. வாடை வரவில்லை என்பது மட்டும் போதாது. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது. ஆகவே மூக்கைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். சோற்றை மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். குழம்பு, கறி வகைகளுக்குக் குளிர்பெட்டியில் 3 நாள் என்பது என் எல்லை. கைக்குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வயதானவர்களுக்கும், நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் அன்றன்று சமைத்ததையே கொடுங்கள். சிக்கனம் நல்ல குணம்தான், ஆனால் அதை அவர்கள் வயிற்றில் பரிசோதிக்கக் கூடாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதனால் மிஞ்சிய குழம்பைச் சூடாக்கும்போது, கொதி வந்ததும் இறக்காமல் கூடுதலாகச் சில நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். மார்கழிக் குளிர் இருக்கிறதே என்று பாத்திரத்தை வெளியில் வைப்பதும் சரியல்ல. மலைக்குளிர் குளிர்பெட்டிக்கு ஈடாகாது.

மூன்றாம் படி: சோறு

ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகி, பருக்கை விறைத்துக்கொள்கிறது. இதைக் குறையாக நினைக்கிறோம். உண்மையில் எலுமிச்சை சாதம், புளிச்சோறு, கடுகு தாளித்த சோறு எல்லாவற்றுக்கும் இந்த விறைப்புதான் தேவை. சூடான புதுச்சோற்றில் கிளறினால் குழைந்துவிடும். முந்தைய நாள் சோறு உதிரியாக நிற்கும். ஒரே நிபந்தனை, கிளறுவதற்கு முன் கைவிரலால் கட்டிகளை உதிர்த்து, கைப்பிடித் தண்ணீர் தெளித்து, நன்றாக ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு ஏற்றது நிலக்கடலைச் சோறு. இரண்டு கைப்பிடி நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, நான்கு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி எள், நான்கு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துச் சோற்றைக் கொட்டிச் சூடேற்றுங்கள். பொடியைக் கடைசியில்தான் தூவ வேண்டும். முதலில் போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும்.

பழைய சோறு வேறு கணக்கு. அது எடுத்து வைத்த மிச்சம் அல்ல, நாமே திட்டமிட்டுப் புளிக்கவைப்பது. சோறு ஆறியவுடனே, அது மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றி மண்சட்டியில் வைத்தால், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இரவில் வேலை செய்து இதமான புளிப்பைத் தருகின்றன. குளிர்காலத்தில் இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். சித்திரையில் எட்டு மணி நேரமே அதிகம். காலை ஏழு மணிக்குள் மோர், சின்ன வெங்காயம், உப்புடன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மதியத்துக்கு வைக்காதீர்கள். நான்கைந்து மணி நேரம் வெளியில் கிடந்த சோற்றில் பிறகு தண்ணீர் ஊற்றி அதைப் பழைய சோறாக மாற்ற நினைப்பதும் வேண்டாம்.

ராகிக் களிக்கும் இதே முறைதான். மிஞ்சிய உருண்டைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, காலையில் கட்டியில்லாமல் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனால் பதினொரு மணி வரை பசி எட்டிப் பார்க்காது. கடித்துக்கொள்ள மோர்மிளகாய் இருந்தால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது.

கோடையில் சோறு மிஞ்சினால் நான் முதலில் நினைப்பது வடகத்தைத்தான். இந்த வெயிலை வேறு எப்படிப் பயன்படுத்துவது! மூன்று கப் குழைவான சோறு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், சிட்டிகை பெருங்காயம் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். சோற்றில் ஏற்கெனவே உப்பு இருந்தால் மேலும் போட வேண்டாம், இல்லாவிட்டால் வழக்கமான அளவில் பாதி போதும். காய்ந்து சுருங்கும்போது உப்பு கூடித் தெரியும். காலை எட்டு மணிக்குள் மொட்டை மாடியில் சுத்தமான வேட்டியை விரித்து, நெல்லிக்காய் அளவு கிள்ளி வையுங்கள். மாலையில் துணியோடு வீட்டுக்குள் எடுத்து வந்து, மறுநாள் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்துப் பிரித்து, திருப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்து, உட்புறமும் வெளிப்புறமும் ஒரே வெள்ளையாக இருந்தால் டப்பாவில் அடைக்கலாம். நடுவில் கண்ணாடிபோல் ஈரம் தெரிந்தால் இன்னொரு நாள் காயட்டும். மழைமூட்டம் தெரிந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நான்காம் படி: புளித்த மாவும் மிஞ்சிய இட்லியும்

குளிர்பெட்டியில் மூன்றாவது நாளைத் தாண்டிய இட்லி மாவில் இட்லி ஊற்றினால் தட்டையாகத்தான் வரும். அதை வற்புறுத்திப் பயனில்லை. அந்தப் புளிப்பையே தேடிக் கேட்கும் பண்டம் குழிப்பணியாரம்.

இரண்டு கப் புளித்த மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி ரவை சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மாவு நீர்த்துப் போயிருந்தால் ரவை இழுத்துக்கொள்ளும். புளிப்பு மிக அதிகமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் அரைக் கப் தண்ணீரும் கலந்து புளிப்பைக் குறைக்கலாம். சிட்டிகை ஆப்பச்சோடாவும் புளிப்பை அடக்கும். ஆனால் கை தவறிக் கூடிவிட்டால் சோப்பு வாடை வரும் என்பதால் எனக்கு அரிசி மாவுதான் பிடிக்கும். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு தாளித்து, பொடியாக நறுக்கிய பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல் பல்லாகக் கீறிய தேங்காய் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனால் போதும், சிவக்க வேண்டாம். இது ஆறிய பிறகே மாவில் கலக்க வேண்டும்.

பணியாரக்கல்லை நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, குழிக்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். மாவு விழுந்ததும் “சொய்” என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கல் காயவில்லை, மாவு ஒட்டும். குழியில் முக்கால் பங்குதான் ஊற்ற வேண்டும். மூடிவைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரம் தானாகக் குழியை விட்டு விலகி, எண்ணெய் அந்த இடுக்கில் நுரைத்துக்கொண்டிருக்கும். நடுவில் மட்டும் காசு அளவுக்கு ஈர மாவு தெரியும். அதுதான் திருப்புவதற்கான நேரம். கம்பியை ஓரத்தில் விட்டு அரைச்சுற்றுச் சுற்றினால் அது தானே புரண்டுவிடும். முழுவதும் வெந்த பிறகு திருப்பினால் மேற்பக்கம் குழிந்து நிற்கும், உருண்டை வராது. தொட்டுக்கொள்ளப் பூண்டும் வரமிளகாயும் அரைத்த காரச் சட்னி. புளித்த பணியாரத்துக்குத் தேங்காய்ச் சட்னி மந்தமாகத் தெரியும்.

மிஞ்சிய இட்லியை உப்புமாவாக்க வேண்டுமானால் அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இட்லி உதிராது, பிசைந்துகொள்ளும். இட்லி குறைவாக இருந்தால் நான்காக வெட்டி நல்லெண்ணெயில் நாற்புறமும் சிவக்கப் புரட்டி, பூண்டுப்பொடி தூவிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வராத டப்பா அது.

ஐந்தாம் படி: ஜவ்வரிசியும் குச்சிக்கிழங்கும்

இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சேலத்துச் சமையலைப் பேச முடியாது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் மரவள்ளியிலிருந்து, அதாவது குச்சிக்கிழங்கிலிருந்து, மாவெடுத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் ஆத்தூர் முதல் இராசிபுரம் வரை பரவிக் கிடக்கின்றன. அவற்றின் உற்பத்தியாளர்களுக்காக 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை இருந்தும் பல வீடுகளில் ஜவ்வரிசி பாயசத்துக்கு மட்டுமே வெளியே வருகிறது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மிஞ்சிய பொருள்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஆற்றல் இதைவிட எதற்கும் இல்லை.

கடையில் கேட்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள். ஊறினால் அது பஞ்சாகிவிடும். நைலான் ஜவ்வரிசி உருக்குலையாமல் நிற்கும் என்பதால் பாயசத்துக்கு நல்லது, நம் வேலைக்கு உதவாது.

அரைக் கப் ஜவ்வரிசியை, புளித்துப் போனதே என்று நீங்கள் கொட்ட நினைத்த மோர் ஒரு கப்பில் நான்கைந்து மணி நேரம் ஊறவையுங்கள். மணியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். இதில் ஒரு கப் மிஞ்சிய தோசை மாவு, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி கலந்தால் ஊத்தப்பம் தயார். தோசைக்கல்லில் தடிமனாக ஊற்றி மூடிப்போட்டு வேகவிடுங்கள். மேலே ஜவ்வரிசி முத்து முத்தாக மின்னும், அடிப்பாகம் மொறுமொறுவென்று இருக்கும். இதே கலவையில் கெட்டியாகும் அளவுக்கு அரிசி மாவு சேர்த்தால் போண்டாவாகப் பொரிக்கலாம்.

குச்சிக்கிழங்கை வேகவைக்கும்போதே ஒரு விதி உண்டு. பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இயல்பாகவே இருப்பதால் தோலை முழுவதும் உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அப்படி வேகவைத்து மிஞ்சிய கிழங்கு குளிர்ந்ததும் கல்லாக இறுகும். நடுநரம்பை எடுத்துவிட்டு, ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் மீண்டும் மசிக்க வரும். மசித்த கிழங்கு இரண்டு கப், ஊறிய ஜவ்வரிசி அரைக் கப், வறுத்துப் பொடித்த நிலக்கடலை கால் கப், பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துப் பிசைந்து வடையாகத் தட்டிப் பொரியுங்கள். ஜவ்வரிசியைத் தண்ணீர் வடித்து, துணியில் ஒற்றி எடுத்த பிறகே சேர்க்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெயில் வெடித்துக் கையைச் சுடும்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, தாளிப்புக்கு இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள். நிறம் கறுத்தாலோ, காயும்போது நுரைத்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

ஆறாம் படி: சாம்பார், ரசம், பொரியல்

சாம்பார் மறுநாள் கூழாக நிற்பதற்குக் காரணம் பருப்பு. அதில் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்து, உப்பைப் பார்த்து, புதிதாகத் தாளித்துக் கொத்தமல்லி தூவினால் மீண்டும் சாம்பார்தான். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. முருங்கைக்காயை வழித்தெடுத்துவிட்டு மற்றக் காய்களை மசித்து, முக்கால் கப் கெட்டிச் சாம்பாரில் இரண்டு கப் கோதுமை மாவைத் தண்ணீர் இல்லாமல் பிசையுங்கள். சிறிது ஓமம் சேருங்கள். இந்தச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளத் தயிர் போதும். கீரைக் கடைசலும் பச்சைப்பயறு கடைசலும் இதே வழிக்கு உகந்தவை.

ரசம் தீர்ந்த பிறகு அடியில் நிற்கும் மண்டியைக் கொட்டாதீர்கள். பூண்டு, மிளகு, தக்காளிச் சதை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு கரண்டி வெந்த பருப்பும், தேங்காயுடன் அரைத்த அரைத் தேக்கரண்டி சோம்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம். கொள்ளு வேகவைத்த நீரில் ரசம், கொள்ளில் கடைசல், மிஞ்சிய கடைசலில் அடை என்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. ஒப்புட்டுக்கு, அதாவது போளிக்கு, பருப்பு வேகவைத்து வடித்த நீரும் ரசத்துக்குத்தான் போகும். மிஞ்சிய பூரணத்தில் காய்ச்சிய பாலும் ஏலக்காயும் சேர்த்தால் பத்து நிமிடத்தில் பாயசம்.

பொரியல் மிஞ்சினால் நேரே தட்டுவடையிடம், அதாவது மொறுமொறுப்பான தட்டையிடம், போங்கள். சேலத்து மாலை நேரத்தை ஆளும் தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தோடு காரச் சட்னியும் புதினாச் சட்னியும் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் இருக்கும். வீட்டில் அந்த இடத்தில் மதியத்துப் பீட்ரூட் பொரியலை வைக்கலாம், அல்லது முட்டைக்கோஸ் பொரியலை வைக்கலாம். கூடவே பச்சை வெங்காயமும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் இருந்தால் அது பொரியல் என்றே தெரியாது. தட்டுவடைக் கடைக்காரரிடம் பொட்டலம் கேட்டால், “அக்கா, வீட்டுக்கென்றால் தட்டுவடை தனியாக, காய் தனியாக, சட்னி தனியாகக் கட்டித் தருகிறேன். போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பார். மிச்சம் வைக்கும் கலையின் பாதி இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. டப்பாவின் அடியில் உடைந்து கிடக்கும் தட்டுவடை, முறுக்குத் துண்டுகளை நொறுக்கி, தக்காளி, வெங்காயம், சட்னி கலந்தால் நொறுக்கல். நமத்துப் போயிருந்தால் வெறும் வாணலியில் குறைந்த தீயில் நான்கு நிமிடம் புரட்டி ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

சப்பாத்தி மிஞ்சினால் மெல்லிய கீற்றுகளாக வெட்டி, வதக்கிய வெங்காயம், தக்காளி, மிஞ்சிய குருமாவோடு கொத்திவிடுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் படி: கறியும் மீனும்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு ஆரஞ்சு நிறத்தில் ஏடாகக் கட்டியிருக்கும். அதைக் கரண்டியால் ஓரம் தட்டி முழுசாக எடுங்கள். மிளகாயும் மல்லியும் பட்டையும் ஊறிய கொழுப்பு அது. வாணலியில் அதை உருக்கி, அதிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கி, எலும்பு நீக்கிப் பிய்த்த கறியைப் போட்டு, ஏற்காட்டு மிளகைத் தட்டித் தூவி வறட்டுங்கள். காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் கொடிகளில் விளையும் மிளகுக்குத் தனிக் காரம் உண்டு. இந்த வறுவலைத் தோசையின் மேல் பரப்பி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் கறிதோசை. அடியில் நின்ற குழம்பைத் தனியாகத் தளதளவென்று கொதிக்கவைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். கறி எதுவானாலும் உள்ளே வரை 74 டிகிரிக்குச் சூடேற வேண்டும். வீட்டுக் கணக்கில் சொன்னால், துண்டைப் பிளந்தால் நடுவிலிருந்து ஆவி பறக்க வேண்டும்.

மேட்டூர் அணை மீனில் வைத்த புளிக்குழம்பு மறுநாள்தான் ருசி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகச் சட்டியை இரவு முழுவதும் அடுப்படியில் விட வேண்டியதில்லை. குளிர்பெட்டியில் இருந்தாலும் புளியும் காரமும் மீனில் இறங்கிவிடும். மீன் தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சினால் முள்ளில்லாமல் வடிகட்டி, அதில் கிளிமூக்கு மாங்காயைத் துண்டு போட்டு வேகவிடுங்கள். கத்திரிக்காயும் நன்றாக இருக்கும்.

எட்டாம் படி: தோலும் கொட்டையும்

மாம்பழக் காலத்தில் கனிந்து நொந்த பழங்கள் கூடையின் அடியில் எப்படியும் இரண்டு கிடக்கும். மல்கோவாவை அதற்குள் தின்று தீர்த்திருப்போம். கிளிமூக்கு போன்று சற்றுப் புளிப்பு கலந்த பழங்கள் மோர்க்குழம்புக்கு ஏற்றவை. சதையையும், சதை ஒட்டிய கொட்டையையும் சிறிது மஞ்சள்தூள், உப்புப் போட்டுத் தண்ணீரில் வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள். தீயை நன்றாகக் குறைத்த பிறகு கடைந்த புளித்த தயிரைச் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கித் தாளியுங்கள். தயிர் ஊற்றியபின் கொதித்தால் திரிந்துவிடும். அந்தக் கொட்டையைச் சப்பிச் சாப்பிட வீட்டில் போட்டி நடக்கும்.

உழவர் சந்தையில் வாங்கும் இளம் பீர்க்கங்காயின் தோல், உளுத்தம்பருப்பும் புளியும் சேர்ந்தால் துவையல். சூரமங்கலத்திலோ அஸ்தம்பட்டியிலோ காலையில் பறித்துவந்த காயாகப் பார்த்து வாங்கினால் தோலும் மென்மையாக இருக்கும். முற்றியதன் தோல் நார், அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, மலையிலிருந்து குளிர்காலத்தில் இறங்கி வரும் ஆரஞ்சு. இரண்டு மூன்று பழங்களின் தோலை வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, உட்புற வெள்ளைப் பகுதியைக் கத்தியால் வழித்தெடுத்துப் பொடியாக நறுக்குங்கள். ஒருமுறை தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துவிட்டால் கசப்பு அளவோடு நிற்கும். கால் கப் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, தோலைச் சுருள வதக்கி, எலுமிச்சை அளவு புளியின் கரைசல், இரண்டு தேக்கரண்டி சாம்பார்ப் பொடி, உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது இரண்டு மேசைக்கரண்டி வெல்லம் போட்டு, கரண்டியிலிருந்து கனமாக விழும் பதத்தில் இறக்குங்கள். ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் அதில் படக் கூடாது. தயிர்சாதத்துக்கும் சரி, புளித்த மாவில் ஊற்றிய தோசைக்கும் சரி, இது இருந்தால் வேறு தொடுகறி தேட வேண்டாம்.